சுடுமண் தெய்வங்களும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கும்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு சஸ்பென்ஸ் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். பணம் வந்திருக்கும், ஆனால் யாருடைய பணம், எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்ற விவரம் இருக்காது. திருப்பி அனுப்பவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. விவரம் தெரியும்வரை சஸ்பென்ஸில் போட்டு வைப்போம். என் வீட்டுப் பூஜை அலமாரியில் 35 வருடம் அப்படி ஒரு தெய்வம் இருந்தது. சுட்ட மண்ணால் செய்த, உள்ளங்கை அளவு முகம். அதைப் பற்றியும், அது பிறந்த குடும்பமான வடநாட்டுச் சுடுமண் தெய்வங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதத் தயங்கியதற்கு ஒரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1979 முதல் 1983 வரை எனக்குக் கான்பூரில் வேலை. தோல் பதனிடும் வாடை, மில் சங்கு, டிசம்பர் மாதக் குளிர் எல்லாம் பழகிப்போன நாட்கள். எங்கள் கிளையின் ஹெட் காஷியர் காட்டம்பூர் பக்கத்து ஆள். நான் கோயில் குளம் என்று அலைகிறவன் என்பது தெரிந்து, "மதராஸி பாபு, எங்க ஊர்ப் பக்கம் செங்கல்லாலேயே கட்டின கோயில் ஒண்ணு இருக்கு, வாங்க காட்டறேன்" என்று கூப்பிட்டார். 1981 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பேருந்தில் பாதி வழி, எக்கா வண்டியில் மீதி வழி. இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அந்த மஞ்சளுக்கு நடுவே சிவப்பாக, உச்சி சிதைந்து, பீத்தர்காவ் கோயில் நின்றது.

கருங்கல் கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது முதலில் கோயிலாகவே தெரியவில்லை. பழைய சூளை ஒன்று இடிந்து நிற்பது போலத்தான் இருந்தது. கிட்டப் போன பிறகுதான் சுவர் முழுக்க மாடங்கள் இருப்பது தெரிந்தது. மாடத்துக்கு மாடம் சுடுமண் பலகை. பல மாடங்கள் காலி. பல பலகைகளில் தலை இல்லை, கை இல்லை. இருந்தவற்றில் தெய்வங்கள், கணங்கள், பாம்புகள், யாளி போன்ற மிருகங்கள், சண்டைகள் என்று ஒரு உலகமே இருந்தது.

அந்தக் கோயிலைப் பற்றிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டியது குப்தர் காலத்தில், ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில். இன்று நிற்கும் செங்கல் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. உயரம் சுமார் 68 அடி. செங்கல் ஒவ்வொன்றும் 18 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 3 அங்குல கனம். நம் வீட்டுச் செங்கல்லை அதன் பக்கத்தில் வைத்தால் குழந்தை மாதிரி இருக்கும். உள்ளே போகும் வழியை வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். வளைவு கட்டும் வித்தை முஸ்லிம் மன்னர்கள் காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செங்கல் வளைவே பதில்.

தொல்லியல் துறையை நிறுவிய அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1877இல் இங்கே வந்தார். கோயிலை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியதாகச் சொல்ல முடியாது, அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம் என்று எழுதினார். முப்பது வருடம் கழித்து ஆராய்ந்த டச்சு அறிஞர் வோகல், இதன் காலத்தை இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோனார். கருவறை காலி. எந்தத் தெய்வத்துக்குக் கட்டிய கோயில் என்று சொல்ல உள்ளே ஒன்றும் இல்லை. கன்னிங்ஹாம் வெளிச்சுவரைப் பார்த்தார். பின்பக்கமான மேற்குச் சுவரின் நடுவில் வராக அவதாரம். வடக்கே நான்கு கைகளோடு துர்க்கை. தெற்கே நான்கு கைகளோடு கணேசர். பின்சுவரில் வராகம் இருப்பதை வைத்து இது விஷ்ணு கோயிலாக இருக்கும் என்று ஊகித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய சந்தோஷம். நம் ஊர்ச் சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும்போது தெற்குச் சுவரில் கணபதி, தட்சிணாமூர்த்தி. மேற்கில் லிங்கோத்பவர் அல்லது விஷ்ணு. வடக்கில் துர்க்கை என்று சின்ன வயதிலிருந்து கும்பிட்டுக்கொண்டே வருகிறோம். சோழர் கற்கோயில்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, கங்கைச் சமவெளியின் ஒரு கிராமத்தில், செங்கல்லிலும் மண்ணிலும், கணபதி தெற்கே, துர்க்கை வடக்கே. திசை மாறவில்லை. கோயில் சுவரில் இருக்கும் தெய்வத்துக்கு அதன் திசையும் ஒரு அடையாளம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏன் கல்லை விட்டுவிட்டு மண்ணால் செய்தார்கள்? காரணம் எளிமையானது. கங்கைச் சமவெளி முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். எவ்வளவு தோண்டினாலும் பாறை வராது. மதுராவில் சிவப்புக் கல் உண்டு, காசிக்குப் பக்கத்தில் சுனாரில் மணற்கல் உண்டு. அங்கிருந்து கொண்டுவர அரசனோ பெரிய செல்வந்தரோ வேண்டும். மண்ணுக்கு யாரும் வேண்டாம், காலடியிலேயே கிடக்கிறது. அதனால் கல்லில் தெய்வம் செய்ய வசதியில்லாதவர்களுக்கும் மண்ணில் தெய்வம் கிடைத்தது.

இந்த மண் வேலையின் கதை மிக நீண்டது. சிந்துவெளி நகரங்களில் பெண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஜான் மார்ஷல் அவற்றைத் தாய்த்தெய்வம் என்றார். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பவர்கள் இன்று நிறையப் பேர். தெய்வமா, பொம்மையா, நேர்த்திக்கடனா என்பதை அந்த உருவங்கள் சொல்லவில்லை. மண்ணைப் பிசைந்து, மூக்கைக் கிள்ளி எடுத்து, கண்ணுக்கு ஒரு உருண்டை ஒட்டிச் செய்யும் அந்த முறை பல ஆயிரம் வருடம் தொடர்ந்தது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற கலை அறிஞர் 1939இல் எழுதிய கட்டுரையில் இந்தியச் சுடுமண் உருவங்களை இரண்டாகப் பிரித்தார். காலத்தால் மாறாதவை ஒரு வகை, காலத்தின் முத்திரை விழுந்தவை இன்னொரு வகை. முதல் வகையை 2,000 வருடம் முன்பு செய்ததா, போன வருடச் சந்தையில் வாங்கியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 2,200 வருடங்களுக்கு முன்பு, சுங்கர் காலத்தை ஒட்டி, அச்சு வந்தது. அச்சுப் பலகையில் மண்ணை அழுத்தி எடுத்தால் ஒரே உருவத்தை நூறு தடவை செய்யலாம். பணக்காரக் கோயிலுக்குப் போக வேண்டாம். ஒரு வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு தெய்வம் கிடைக்கும். சில பலகைகளில் மேலே ஓட்டை போட்டிருப்பது அதற்காகத்தான். நம் வீடுகளில் காலண்டர் சாமி படம் மாட்டியது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பலகைகளில் சில தெய்வங்களைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். தாமரையில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு யானைகள் நீராட்டினால் அது லட்சுமி. ராஜஸ்தானில் நகர் என்ற பழைய ஊரில் கிடைத்த ஒரு பலகையில் தேவி எருமையை அடக்குகிறாள், அது மகிஷாசுரமர்த்தினி. மகிஷனை வதைக்கும் தேவியின் மிகப் பழைய உருவங்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். ஆட்டுத்தலையோடு ஒரு தெய்வமும் நிறையக் கிடைக்கிறது. அதன் பெயர் நைகமேஷன். முருகனோடு தொடர்புடையவன், பிள்ளைப்பேறும் குழந்தை நலமும் அவன் பொறுப்பு. சமணர்களும் ஹரிநைகமேஷி என்று அவனைக் கொண்டாடினார்கள். பெரிய கோயிலில் அவனுக்கு முக்கிய இடம் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட தாய்மார்களின் கையில் அவனுக்கு இடம் இருந்தது.

சில தெய்வங்களுக்கு இன்றுவரை பெயர் இல்லை. வங்காளத்தில் தாம்லுக் என்ற ஊரில் 1883இல் ஒரு பெண் உருவப் பலகை கிடைத்தது. இப்போது ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடம்பு முழுக்க நகை, தலையில் பெரிய அலங்காரம், கொண்டையில் ஆயுதங்கள் போன்ற ஊசிகள். யட்சி என்பார் சிலர், அப்சரஸ் என்பார் சிலர், லட்சுமியின் பழைய வடிவம் என்பாரும் உண்டு. கொல்கத்தாவுக்கு வடகிழக்கே உள்ள சந்திரகேதுகட்டில் இதே குடும்பத்து உருவங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கொண்டையில் ஐந்து ஊசி இருப்பதால் பஞ்சசூடா என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் 1950களில் முறையாக அகழ்ந்தது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சந்திரகேதுகட்டுப் பலகைகளில் பெரும்பகுதி அப்படி வந்தவை அல்ல. வயலில் உழும்போதும் குளம் வெட்டும்போதும் வெளிவந்து, கை மாறிக் கை மாறிப் போனவை. எந்த வீட்டில் இருந்தது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் விளக்கு இருந்ததா, குழந்தை விளையாட்டுச் சாமான் இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அழகுக்குக் குறைவில்லை. விவரம்தான் இல்லை.

குப்தர் காலத்தில் மண் வேலை உச்சிக்குப் போனது. அதற்குச் சிறந்த சாட்சி, உத்தரப் பிரதேசத்தில் பரேலி மாவட்டத்தில் உள்ள அகிச்சத்திரம். மகாபாரதத்தில் வட பாஞ்சாலத்தின் தலைநகர். 1940 முதல் 1944 வரை அங்கே பெரிய அகழாய்வு நடந்தது. கிடைத்த சுடுமண் உருவங்களை வாசுதேவ சரண் அகர்வாலா வரிசைப்படுத்தி எழுதினார். ஒரு சிவன் கோயிலின் படிக்கட்டை ஒட்டி, ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு இரண்டு தேவியர். மகரத்தின் மேல் கங்கை, ஆமையின் மேல் யமுனை. இருவருமே சுட்ட மண். கோயில் சுவரில் தட்ச யாகத்தை அழிக்கும் கணங்கள், பைரவர், தட்சிணாமூர்த்தி. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அங்கே கிடைத்த பார்வதியின் தலை. நெற்றியில் மூன்றாவது கண், சுருள் சுருளாகத் திருகிவிட்ட கூந்தல், லேசாகத் திறந்த உதடு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் அந்தக் கங்கை யமுனையையும் இந்தத் தலையையும் பார்க்கலாம். டெல்லி போகிறவர்கள் செங்கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை இதற்குக் கொடுங்கள்.

ஆள் உயரத்துக்கு மண் உருவம் செய்து சுடுவது சாதாரண வேலை இல்லை. எங்கள் கிராமத்தில் வேளார் ஒருவர் அய்யனார் குதிரை செய்வதைச் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கால்களைக் குழாய் மாதிரி எழுப்பி, காயவிட்டு, அதன்மேல் வயிற்றை வளையம் வளையமாகக் கட்டுவார். "உள்ளே கூடா இருக்கணும் தம்பி. கட்டியா வெச்சா சூளையில வெடிச்சிடும்" என்பார். மண்ணில் உமியும் மணலும் கலப்பார். உமி எரிந்து போன இடத்தில் நுண்ணிய துளைகள் விழும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற அதுதான் வழி. குப்தர் காலத்துக் குயவரும் பெரிய உருவங்களை இப்படிக் கூடாகத்தான் செய்தார்கள். முகத்தை அச்சில் எடுத்து, கூந்தலையும் நகையையும் கையால் வைத்து, கூரான குச்சியால் கண்ணைத் திருத்தினார்கள். 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில், ராஜ்யஸ்ரீயின் கல்யாணத்துக்கு மண் உருவம் செய்பவர்கள் வந்து மீன், ஆமை, முதலை, தென்னை, வாழை, கமுகு எல்லாம் செய்ததாக ஒரு வர்ணனை உண்டு. அரண்மனைக் கல்யாணத்திலும் குயவருக்கு வேலை இருந்திருக்கிறது. ஆனால் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. பச்சை மண் பிள்ளையார் கிணற்றில் போட்ட மறுநாள் கரைந்துவிடுவார். ஒருமுறை சுட்டுவிட்டால் ஆயிரம் வருடம் ஆனாலும் கரைய மாட்டார். வெண்கலச் சிலையை உருக்கி அண்டா செய்யலாம், பொன்னை உருக்கி நாணயம் அடிக்கலாம், கல்லை உடைத்து அஸ்திவாரத்தில் போடலாம். உடைந்த சுடுமண் முகத்தை எதற்கும் பயன்படுத்த முடியாது. ஒன்றுக்கும் உதவாது என்று விட்டதால்தான் அது மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில் கலைச் சந்தையில் அதற்கும் விலை வந்தது. அன்று பிடித்தது சனி. விலை இல்லாதவரை தப்பித்த தெய்வங்கள், விலை வந்தபின் இடம் மாற ஆரம்பித்தன.

இனி என் கதை.

பீத்தர்காவில் அன்று கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், பத்து வயதிருக்கும், கிட்ட வந்து கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு முகம். மூக்கு நுனி உடைந்திருந்தது. ஒரு பக்கம் சுருள் முடி, ஒரு காதில் தோடு. மற்ற காது இல்லை. பின்னால் குழிவாக, விரலால் அழுத்திய பள்ளங்களோடு இருந்தது. "கேத் மே மிலா" என்றான், வயலில் கிடைத்ததாம். ஹெட் காஷியர் சிரித்தார். நான் அவன் கையில் 2 ரூபாய் வைத்தேன். அவன் ஓடிவிட்டான். முகம் என் கோட்டுப் பைக்குள் போனது.

தொல்பொருட்கள் பற்றிய 1972ஆம் வருடச் சட்டம் 1976இலேயே அமலுக்கு வந்துவிட்டது. 100 வருடத்துக்கு மேற்பட்ட சுடுமண் சிற்பத்தை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்று எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேனா? அந்த நாளில் இருந்த என்னை எனக்குத் தெரியும், கொடுத்திருக்க மாட்டேன்.

திருச்சிக்கு மாற்றலாகி வந்ததும் அம்மா அதைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துடைத்து, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பெயரும் வைத்துவிட்டார்: கான்பூர் அம்மன். ஒரு நவராத்திரிக்கு வந்த என் பெரியம்மா, "பின்னமான விக்ரகத்தை வீட்டில வெச்சுக் கும்பிடக்கூடாது, ஆத்துல விட்டுடு" என்றார். அம்மா சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் பிரசித்தம். "எனக்கும்தான் முன்பல் ரெண்டு போச்சு. என்னையும் காவேரியில கொண்டுபோய் விட்டுடலாமா அக்கா?"

அம்மா 1996இல் காலமானார். அதற்குப் பிறகு என் மனைவி பூ வைத்தாள். நான் 2009இல் ஓய்வு பெற்றேன். நேரம் கிடைத்தது, படிக்க ஆரம்பித்தேன். மேலே எழுதியதெல்லாம் அப்படிப் படித்ததுதான். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. பீத்தர்காவ் சுவரில் நான் பார்த்த காலி மாடங்கள். அங்கிருந்த பலகைகளில் சில லக்னோவிலும் கொல்கத்தாவிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அனந்தன் மேல் பள்ளிகொண்ட விஷ்ணு, எதிரே தண்டத்தோடு மது கைடபர் நிற்கும் அருமையான பலகை கொல்கத்தாவில். அவை எங்கிருந்து வந்தவை என்று பதிவு இருக்கிறது. என் அலமாரியில் இருப்பதற்கு என்ன பதிவு? 2 ரூபாய்க்கு ரசீதுகூட இல்லை.

2016இல் காசிக்குப் போகும்போது அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மனைவிக்கு மனமே இல்லை. "அம்மா கும்பிட்டது" என்று மட்டும் சொன்னாள். முதலில் பீத்தர்காவ் போனோம். இப்போது வேலி இருக்கிறது, புல்தரை இருக்கிறது, காவலாளி இருக்கிறார். பிறகு அந்த மாநிலத்தில் ஒரு அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். அதிகாரி இளம்பெண், என் மகள் வயது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். நெற்றியில் 30 வருடக் குங்குமம் ஏறிப்போயிருந்தது. லேசாகச் சிரித்தார். கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிஸ் தரஃப் மிலா தா?" எந்தப் பக்கம் கிடைத்தது?

நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். முடியும் தோடும் குப்தர் காலத்தைப் போலத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மாதிரியைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்தவையும் உண்டு. காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மண்ணில் உள்ள தாதுக்கள், இயற்கையான கதிர்வீச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைச் சேர்த்துக்கொண்டே வரும். சூளையில் சுடும்போது அது பூஜ்யமாகி, அன்றிலிருந்து மறுபடி சேர ஆரம்பிக்கும். ஒரு துளி மாதிரியை எடுத்துச் சூடாக்கினால் சேர்ந்த சக்தி ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து எப்போது சுட்டது என்று கணக்கிடலாம். 1960களில் ஆக்ஸ்போர்டில் வளர்த்தெடுத்த முறை அது. நம் பாஷையில் சொன்னால், கடைசியாகக் கணக்கு முடித்த தேதியிலிருந்து சேர்ந்த வட்டியைப் பார்த்து எத்தனை வருடம் என்று கண்டுபிடிப்பது.

"ஆனால் ஐயா, அந்தச் சோதனை வயதைத்தான் சொல்லும். யார் என்று சொல்லாது" என்றார். கோயிலின் வடக்குப் பக்கம் கிடைத்தது என்றால், வடக்குச் சுவரின் காலி மாடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேவியாக இருக்குமா என்று யோசிக்கலாம். தெற்குப் பக்கம் என்றால் வேறு கதை. மேற்கு என்றால் வராகத்தோடு வரும் பூமாதேவியா என்றுகூடக் கேட்கலாம். கோயிலிலிருந்து தள்ளி, ஊருக்குள் கிடைத்தது என்றால் இது சுவரில் இருந்ததே இல்லையோ என்னவோ. வீட்டில் கும்பிட்டதாக இருக்கலாம், குழந்தையின் பொம்மையாகவும் இருக்கலாம். "முகம் மட்டும் இருந்தால் போதாது. கையில் ஆயுதம் இல்லை, கீழே வாகனம் இல்லை. இருந்த ஒரே அடையாளம் அது கிடந்த இடம்."

கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம் என்பது நினைவிருக்கிறது. கடுகுப் பூ நினைவிருக்கிறது. பையனின் கிழிந்த ஸ்வெட்டர்கூட நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் நின்றோம், அவன் எந்த வயலிலிருந்து வந்தான் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கூட வந்த ஹெட் காஷியரும் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

எழுத்து மூலம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பதிவேட்டில் ஏற்றினார். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் அவர் எழுதியதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன். "பீத்தர்காவ் அருகே, கொடுத்தவர் கூற்று." பெயர் என்ற கட்டத்தில் "பெண் தலை" என்று மட்டும். முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் நான். அந்த வரியின் அர்த்தம் எனக்குப் புரியாமலா போகும்? சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டார். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதை எழுதத் தயங்கினேன் என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. மண்ணை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தேன். அதன் பெயரை 1981இலேயே அந்த வயலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். 1,500 வருடம் மழையும் வெயிலும் அழிக்காத ஒன்றை, ஆசையோடு எடுத்த ஒருவன் ஒரு நிமிடத்தில் அழித்துவிட முடியும்.

வாசகர்களில் பலருக்குச் சொந்த ஊரில் நிலம் இருக்கும். கிணறு தோண்டும்போது, வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது உடைந்த முகமோ, பானையோ, பொம்மையோ வந்தால் தயவுசெய்து அதை இடத்தை விட்டு எடுக்காதீர்கள். போட்டோ எடுங்கள். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், கூட என்ன கிடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள்.

எங்கள் பூஜை அலமாரியில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் அந்த இடம் இப்போது காலி. மனைவி அங்கே வேறு எதையும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போது அந்த இடத்திலும் ஒன்று வைக்கிறாள். எந்த அம்மனுக்கு என்று நான் கேட்பதில்லை. 1981இல் ஒரு பையனிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் கையை நீட்டி, "அதோ, அந்தப் பக்கம்" என்று காட்டியிருப்பான்.